நிலைக்காலில் போட்ட கோடு

வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அந்த மாதிரிக் காலையில்தான் தெருவுக்குத் தண்ணீர் வரும். மழைத் தண்ணீர் என்றால் மேலேயிருந்து விழும், ஓடி ஒதுங்கலாம். இது கீழேயிருந்து வருகிற தண்ணீர். பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள், கடல் ஏறுகிற நேரத்துக்குச் சாக்கடை மூடியின் கம்பிச் சந்துகளில் முதலில் குமிழி விடும். அப்புறம் கறுப்பாக ஒரு நாக்கு வெளியே நீண்டு தெருவை நக்கிப் பார்க்கும். ருசி பிடித்துவிட்டால் பிறகு யாரையும் கேட்காது.

தெருத் தண்ணீர் கடலுக்குப் போகட்டும் என்று கட்டின சாக்கடை அது. போன வழியிலேயே கடலும் திரும்பி வரும் என்று கட்டினவனுக்குத் தோன்றவில்லை. பெரிய படிப்பெல்லாம் படித்தவன்தான் கட்டியிருப்பான்.

ரொட்டிக்காரர் கடை வாசலில் நின்று அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஈடு ரொட்டி எடுத்தாயிற்று. ரெண்டாம் ஈட்டுக்கான மாவு தொட்டியில் உப்பிக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பு அறைக் கதவு கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"கதவைச் சாத்து, சூடு போகுது," என்றார் திரும்பிப் பார்க்காமலே.

"சாத்திட்டேன். எத்தனை வருஷமாச் சாத்துறேன்," என்றாள் அவர் மனைவி. "வெளிய என்ன சொல்லுது?"

"என்ன சொல்லும். குமிழி விடுது."

"நேத்து இந்த நேரத்துக்கு விடல."

"நேத்து நீ பார்த்தியா?"

"நீங்கதான் பார்த்தீங்க. பார்த்துட்டு, இன்னும் விடலன்னு சொன்னீங்க."

ரொட்டிக்காரர் ஓரடி தள்ளி நின்று மூடியைப் பார்த்தார். பதில் சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாளாக அந்த ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

கடை தெருவின் தாழ்ந்த பக்கத்தில் இருந்தது. முன்னால் கடை, நடுவில் அடுப்பு அறை, பின்னால் படுத்துப் புரள இரண்டு அறை. அடுப்பு அறையில் பாதி இடத்தை அடுப்பே பிடித்துக்கொண்டிருந்தது. அடியில் கருங்கல் மேடை, கருங்கல்லுக்கு மேல் மணல், மணலுக்கு மேல் செங்கல் தளம், அதன்மேல் கவிழ்த்த சட்டி மாதிரி வளைந்த கூரை. மணல் ஆரம்பிக்கிற உயரத்தில், முழங்கால் மட்டத்தில், சுற்றி ஒரு வரிசைச் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டியிருந்தார்கள். அந்த வரிசைக்குக் கீழே எத்தனை நாள் தண்ணீர் நின்றாலும் கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வரிசையைத் தொட்டுச் செங்கல் இடுக்கு வழியாகச் சூட்டு மணலுக்குள் புகுந்துவிட்டால் அவ்வளவுதான். மணல் கொதிக்கும், ஆவி தளத்தைத் தூக்கும், கூரை உட்காரும். துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் அப்படித்தான் ஆயிற்று. அந்த ஆள் இப்போது யாரோ ஒருத்தன் கடையில் தட்டுக் கழுவுகிறான்.

அடுப்பு ஆறிக் கிடந்தால் பயமில்லை. ஈர மணல் மெதுவாகக் காயும். ஆனால் ரொட்டிக்காரரின் அடுப்பு கடைசியாக ஆறி ஏழெட்டு வருஷம் ஆகிறது. பெரிய தண்ணீர் வந்த வருஷம், கூரைச் செங்கல் மாற்றுவதற்காக அடுப்பை அணைத்துப் போட்டிருந்தார்கள். ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துக் கிடந்தது. தண்ணீர் வடிந்து, திரும்பி வந்து, கொத்தனாரை வைத்து வேலையை முடித்து, அடுப்பு மெல்ல மெல்லச் சூடேற ஒரு வாரம் பிடித்தது. அன்றைக்குப் போட்ட நெருப்பு இன்றுவரை அணையவில்லை. அணைத்தால் செங்கல் சுருங்கும், கூரை கீறும், மறுபடியும் ஒரு வாரத்துக்கு ரொட்டி கிடையாது. மேட்டுத் தெருவில் பளபளவென்று கண்ணாடி போட்டு ஒருத்தன் ரொட்டிக் கடை திறந்திருக்கிறான். ஒரு வாரம் அவனிடம் வாங்கின வாய், திரும்பி இந்தத் தாழ்ந்த தெருவுக்கு நடந்து வருமா?

மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க. இன்னைக்கு அடுப்பு நெருப்பை வாரி வெளிய கொட்டினாத்தான் நாளைக்காவது கொஞ்சம் ஆறியிருக்கும்."

"ஆரம்பிச்சுட்டியா."

"நாளைக்குத்தான் பெரிய ஏத்தமாம். காத்தும் கடல்லேருந்து அடிக்குமாம். அந்தப் பெரிய தண்ணி அளவுக்கு வரும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"போன்ல வந்துச்சு. டிவியிலயும் சொன்னான்."

"போன வருஷமும்தான் சொன்னான். நீ மாவு மூட்டையை எல்லாம் பரண்ல ஏத்தினே. தண்ணி வந்துச்சா? எலிதான் வந்துச்சு. அவனுக்கென்ன, கோட்டுப் போட்டுக்கிட்டுக் குளுகுளு ரூம்ல உட்கார்ந்து சொல்றான். வந்தா, சொன்னேன் பாருங்கறான். வரலைன்னா தப்பிச்சோம் பாருங்கறான். எப்படியும் அவனுக்குச் சம்பளம்."

"சரி, அவனை விடுங்க. வந்தா என்ன பண்றது?"

"வரட்டும். பெரிய தண்ணி அளவுக்குத்தானே வரும்? இங்க வா."

அவளை வாசல் நிலைக்கு இழுத்துக்கொண்டு போனார். பச்சை பெயின்ட் அடித்த கட்டையான மர நிலை. இடது நிலைக்காலில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கத்தியால் கீறின ஆழமான கோடு ஒன்று இருந்தது. அதற்குக் கீழே சின்னச் சின்னதாக வேறு சில. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த அன்று, மரத்தில் ஈரம் ஏறி நின்ற இடத்தைப் பார்த்து அவரே கீறின கோடு அது.

"இது யார் போட்டது?"

"நீங்க."

"கோட்டுப் போட்டவனா போட்டான்?"

"இல்ல."

"இந்தக் கோடு எங்க இருக்கு, நம்ம செங்கல் வரிசை எங்க இருக்கு? ஒரு சாண் வித்தியாசம். பெரிய தண்ணியே வந்தாலும் ஒரு சாண் கீழதான் நிக்கும். எவன் பொய் சொன்னாலும் மரம் பொய் சொல்லாது."

அவள் கோட்டைப் பார்த்தாள், திரும்பி அடுப்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் தெளிவு வரவில்லை.

"அன்னைக்கு ஊரு கிடந்த கிடைக்கு, இவ்வளவு கீழயா நின்னிருக்கும்?" என்றாள்.

"நீ அங்க பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் டீ ஊத்திக்கிட்டு இருந்தே. உனக்கென்ன தெரியும்."

பக்கத்துக் கடை டெய்லரம்மா வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு, துணிக் கட்டுகளை அலமாரி உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். தனியாள். புருஷன் போன பிறகு தையல் மெஷின்தான் அவளுக்கு எல்லாம்.

"அண்ணே," என்றாள் அங்கிருந்தே. "உங்க கோடு உங்க வீட்டுக்கு மட்டும்தான் சொல்லுமா, என் வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லுமா?"

"உனக்கும் எனக்கும் தரை ஒண்ணுதானே. தாராளமா எடுத்துக்க."

"எனக்குக் கோட்டைவிட ஸ்டூல்தான் நம்பிக்கை. அக்கா, கொஞ்சம் இந்தக் கட்டைப் பிடிங்க. கல்யாணத் துணி. நனைஞ்சா பொண்ணு வீட்டுக்காரங்க என்னையே கட்டிக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

ரொட்டிக்காரர் மனைவி சிரித்துக்கொண்டே போய்ப் பிடித்தாள். அதற்குள் சாக்கடை மூடிக்கு மேலே ஒரு கறுப்புத் திட்டு படர்ந்துவிட்டது. முட்டி மோதிக்கொண்டு வந்த தண்ணீர், தெரு நடுவே சூரியனை வாங்கிக் கண் கூசுகிற மாதிரி மின்னியது. தெரு ஓரமாகக் கரப்பான்கள் வரிசையாகச் சுவரேறின. கரப்பான்கள் டிவி பார்ப்பதில்லை.

தண்ணீர் வாசல்படியைத் தொட்டபோது நெட்டை வந்தான். ரொட்டிக்காரர் மனைவியின் தம்பி. பெயருக்கேற்ற ஆள் என்று சொல்ல முடியாது, ஆளுக்கேற்ற பெயர். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். வண்டியை மேட்டில் விட்டுவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தான். வாசலில் நுழைந்தான். டொக்கென்று மேல்நிலையில் நெற்றி இடித்தது.

"குனிஞ்சு வாடா," என்றாள் அக்கா, அடுத்த கடையிலிருந்தே. சத்தம் கேட்டே சொல்லிவிட்டாள்.

"மாமா, இந்த வாசலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ரெண்டாம் ஈடு எப்ப கிடைக்கும்? ஆஸ்பத்திரி கேன்டீன்ல நிக்கிறாங்க."

"தண்ணி வந்து நிக்குது, நீ கேன்டீன்ல நிக்கிறாங்கன்னு சொல்றே. மாவு மூட்டையைத் தூக்கு மாப்ளே. பலகைமேல வை."

"நெருப்பு வாரலையா?"

"நீயுமா?"

"அக்கா சொல்லிச்சுன்னு கேட்டேன்."

"உன் அக்காளும் நீயும் சேர்ந்து ஒரு கடை வைங்க. பச்சைத் தண்ணில ரொட்டி சுடுங்க. கதவைச் சாத்துடா, சூடு போகுது."

தண்ணீர் படியைத் தாண்டி உள்ளே வந்தது. ஓசை இல்லாமல், கூச்சப்படுகிற விருந்தாளி மாதிரி ஓரமாக வந்து, பிறகு அறை முழுக்க உட்கார்ந்துகொண்டது. விறகுக் கட்டுகளை மேலே ஏற்றினார்கள். தட்டுகளை அடுக்கினார்கள். மின்சாரத்தை நெட்டை போய் அணைத்தான். ரொட்டிக்காரர் ஒவ்வொரு நடைக்கும் நிலைக்கால் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சின்னக் கோடுகள் முழுகின. நேற்று வாசல்படியோடு திரும்பிப் போன தண்ணீர் இன்று கணுக்காலை விட்டு மேலே வந்துவிட்டது. வெயிலோ சுள்ளென்று அடித்துக்கொண்டே இருந்தது, இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆழக் கோட்டைத் தொட்டது. தொட்ட கையோடு தாண்டியது.

ரொட்டிக்காரர் குனிந்து பார்த்தார். விரலை வைத்துப் பார்த்தார். கோடு தண்ணீருக்குள் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"மாப்ளே," என்றார். "பெரிய தண்ணியைத் தாண்டிடுச்சு."

"என்ன மாமா சொல்றீங்க. நாளைக்குத்தானே அந்த அளவு வரும்னாங்க."

"தாண்டிடுச்சுங்கறேன். கோடு முழுகிப்போச்சு."

டெய்லரம்மா அந்தப் பக்கம் மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த பலகைத் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"யாரு சொன்னா பெரிய தண்ணியைத் தாண்டிடுச்சுன்னு?"

"கோடு சொல்லுது."

"என் மெஷின் அப்படிச் சொல்லலையே. அந்த வருஷம் வந்து பார்த்தப்ப, மெஷினோட பெரிய சக்கரம் பாதிக்குமேல சேறு பூசி நின்னுச்சு. நான்தானே உட்கார்ந்து சுரண்டினேன். இன்னைக்கு மிதிகட்டைதான் நனைஞ்சிருக்கு. சக்கரத்துக்கு இப்பத்தான் கால் நனையுது."

"உன் மெஷினைத் தூக்கி எதுமேலயாவது வெச்சிருப்பே."

"அதைத் தூக்க நாலு ஆள் வேணும். எனக்கு ஏது நாலு ஆள். அன்னைக்கு இருந்த இடத்துலதான் இன்னைக்கும் இருக்கு."

"அப்ப கோடு பொய் சொல்லுதா?"

"மெஷினும் பொய் சொல்லாதுண்ணே. ரெண்டுல ஒண்ணு எங்கயோ இடம் மாறியிருக்கணும்."

ரொட்டிக்காரருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கொஞ்சம் பயம் குறையும் என்பதால் அதை வரவேற்றார். என்ன பேச்சு இது. மர நிலை இடம் மாறுமா? நிலை என்ன, கோழியா ஆடா, மேயப் போய்விட்டு வர?

கடைசி மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நெட்டை வாசல் வழியாக உள்ளே வந்தான். மறுபடியும் டொக்.

அவன் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கையில் இருந்த தட்டைக் கீழே வைக்கத் தோன்றாமல் தம்பியின் நெற்றியைப் பார்த்தாள், மேல்நிலையைப் பார்த்தாள்.

"டேய். நீ முன்னாடி இதே வாசல்ல தலையில ரொட்டித் தட்டோட நுழைவியே."

"எப்ப?"

"வண்டி வாங்குறதுக்கு முன்னாடி. பெரிய தண்ணிக்கு முன்னாடி. தலையில மூணு தட்டு அடுக்கிக்கிட்டு நிமிர்ந்து வருவே. ராஜா வர்றாருன்னு நான்கூடக் கிண்டல் பண்ணுவேன்."

"ஆமா. வருவேன்."

"அப்ப இடிக்காது."

"இடிக்காது." நெட்டை மூட்டையை இறக்கினான். "அப்புறம் நான் வளர்ந்திருப்பேனோ என்னவோ."

"முப்பது வயசுக்கு மேல எவன்டா வளருவான்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். ரொட்டிக்காரர் மேல்நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலைக்கும் மேலே இருந்த சுவருக்கும் நடுவில் ஒரு பட்டை சிமென்ட் பூச்சு, மற்ற சுவரைவிட வெளுத்த நிறத்தில், வாசல் அகலத்துக்கு இருந்தது. அந்தப் பூச்சைப் பூசினதும் அவர்தான்.

பெரிய தண்ணீருக்கு அடுத்த வருஷம் நிலைக்கால் இரண்டும் அடியில் உளுத்துப்போயின. உப்புத் தண்ணீர் குடித்த மரம். ஆசாரி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, புது நிலை வைக்கணும் என்றான். மரம் விற்கிறவன் வேறு என்ன சொல்லுவான்? ரொட்டிக்காரர் அவனைப் போகச் சொல்லிவிட்டு, ரம்பத்தை எடுத்து, உளுத்த அடியை ஒரு சாண் அளவுக்குத் தானே அறுத்துத் தள்ளினார். நிலையை அப்படியே கீழே இறக்கி உட்கார வைத்தார். மேலே விழுந்த சந்தைச் செங்கல் வைத்துப் பூசினார். ஆசாரியை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தார். நிலை இறங்கினபோது அதிலிருந்த கோடும் கூடவே இறங்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வாசல் கதவையும், கூடவே உளுத்திருந்த அடுப்பு அறைக் கதவையும் அடியில் அறுத்தார். எல்லாவற்றையும் யோசித்தார், அதை மட்டும் யோசிக்கவில்லை.

அவர் தண்ணீரை அளைந்துகொண்டு மாவுத் தொட்டிக்குப் போனார். தொட்டி ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் இரண்டு மரத்துண்டு கொடுத்திருந்தார். பச்சை பெயின்ட் அடித்த துண்டு. நெட்டையைத் தொட்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஒன்றை உருவினார். ஒரு பக்கம் உளுத்துக் கருகல் நிறம், மறு பக்கம் ரம்பம் போன நேர் வெட்டு. சாண் வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு சாண்.

நிலைக்கால் பக்கம் போய், தண்ணீருக்குள் இருந்த கோட்டின்மேல் துண்டை நிமிர்த்தி வைத்தார். அதன் மேல்முனை முழங்கால் மட்டத்தில் நின்றது. அங்கிருந்து நேராக அடுப்பைப் பார்த்தார். செங்கல் வரிசை அதே மட்டத்தில் இருந்தது.

"ஆறிக் கிடந்ததால தப்பிச்சோம்," என்றாள் மனைவி மெதுவாக. "உயரத்துல இருந்ததால இல்ல."

அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். தெருவில் ஏதோ வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. குப்பை லாரி. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அது கிளப்பின அலை வாசல் வழியாக உள்ளே வந்து, அறையைக் கடந்து, அடுப்பின் கருங்கல்லில் மோதி எழும்பியது. செங்கல் வரிசையில் பட்டுச் சுர்ரென்றது. ஒரு கொத்து ஆவி.

மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். அடுப்புக்குள்ளே எங்கேயோ டக்கென்று ஒரு செங்கல் பேசியது.

"மாப்ளே, தெருவுல போய் நில்லு. எந்த வண்டியையும் விடாதே. குறுக்க படுத்தாலும் சரி."

நெட்டை ஓடினான். இந்தத் தடவை குனிந்து ஓடினான்.

"மூட்டையை அடுக்கிப் பார்ப்போமா?" என்றார் ரொட்டிக்காரர். மனைவியிடம் அவர் கேட்கிற கேள்வி அது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறார்.

"மூட்டைக்கு இடையில தண்ணி போகும். இடுக்கை அடைக்கணும். சிமென்ட் இருக்கா?"

"இல்ல. இருந்தாலும் ஈரத்துல பிடிக்காது."

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு மாவுத் தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டாள். உப்பி நின்ற மாவு அவள் கைக்குள் புஸ்ஸென்று அமுங்கியது. ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒரு பெரிய உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, செங்கல் வரிசையில் அறைந்து அப்பினாள்.

"அடியே, ரெண்டாம் ஈட்டு மாவு."

"அடுப்பு போனா எந்த ஈட்டுக்கு மாவு?"

மாவு சூட்டுச் செங்கலில் பட்டதும் சுருங்கி ஒட்டிக்கொண்டது. உள்பக்கம் வெந்து இறுகியது. வெளிப்பக்கம் பசையாக இருந்தது. அவர் விரலால் பிய்த்துப் பார்த்தார். வரவில்லை. மாவு வாழ்நாள் பூராவும் அவர் பிசைந்த பொருள். அது எங்கே ஒட்டும், எங்கே விடும் என்று கைக்குத் தெரியும். இந்த வேலைக்கு அதைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

"கொஞ்சம் உலர் மாவு சேர்த்து இறுக்கமாப் பண்ணு," என்றார். "தளர்ந்தா வழுக்கும்."

இருவரும் குனிந்து வேலை செய்தார்கள். அவர் உலர் மாவைக் கொட்டி இறுக்கிப் பிசைய, அவள் கயிறு கயிறாக உருட்டி வரிசை நெடுக அப்பினாள். இடுக்கு இடுக்காகக் கட்டைவிரலால் அமுக்கினாள். டெய்லரம்மாவும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நான் மூலையைப் பார்த்துக்கறேன். மடிச்சுத் தைக்கிற வேலை எனக்குப் புதுசா?" என்றாள். வந்தவள் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டாள். அவர் வாய் திறக்கப்போய் மூடிக்கொண்டார்.

வெளியே நெட்டையின் குரல் கேட்டது. "அண்ணே, திரும்பிப் போங்க. ... இல்லண்ணே, இந்தப் பக்கம் வழி கிடையாது. ... அவசரமா? எனக்கும்தான் அவசரம், உள்ள அடுப்பு வெடிக்கப் போகுது. ... வெடிச்சா உங்க வண்டிக்கும் சேர்த்துத்தான்." ஹாரன் ஒன்று நீளமாக அலறி, பின்வாங்கிப் போனது.

தண்ணீர் கோட்டுக்கு மேலே அரைச் சாண் ஏறியது. வரிசைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மிச்சமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காற்று அடிக்கும்போதெல்லாம் சின்ன அலை வந்து மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. சுர் என்ற சத்தம் இல்லை. அறை முழுக்க ரொட்டி வேகிற வாசனையும் சாக்கடை நாற்றமும் ஒன்றாகக் கலந்து தலையைச் சுற்றியது. ரொட்டிக்காரர் அடுப்பில் காதை வைத்து நின்றார். உள்ளே ஏதாவது பேசுகிறதா என்று கேட்டார். அவர் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. அது செங்கலிலிருந்து வருகிறதா தன்னிடமிருந்து வருகிறதா என்று ஒருமுறை அவருக்கே சந்தேகம் வந்தது.

டெய்லரம்மா மூலையில் அப்பின மாவை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு, சுவரோரம் மிதந்துகொண்டிருந்த ஒரு செருப்பு மெல்ல வாசல் பக்கம் திரும்பியது.

"போகுது," என்றாள் ரொட்டிக்காரர் மனைவி.

"காத்தா இருக்கும்."

"இல்ல. பாருங்க, போகுது."

செருப்பு நிலையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. கருங்கல்லில் ஒரு விரல் உயரத்துக்கு ஈரம் தெரிந்தது. அப்புறம் இரண்டு விரல். நெட்டை உள்ளே வந்து, அடுப்பைச் சுற்றிப் பழுப்பேறிக் கிடந்த மாவுக் கட்டைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"அடுப்புக்கே ரொட்டியில சட்டை தைச்சுட்டீங்களா?"

"பட்டன் மட்டும் பாக்கி," என்றாள் டெய்லரம்மா. அவள் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். ரொட்டிக்காரர் மனைவி சிரித்துக்கொண்டே ஈரத் தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் சிரிக்கவில்லை. கையில் அந்த மரத்துண்டு இன்னும் இருந்தது. மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது.

இன்றைக்கு வந்தது கோட்டுக்கு மேல் அரைச் சாண். நாளைக்குப் பெரிய தண்ணீர் அளவு என்கிறார்கள். டிவிக்காரனை அவர் இப்போதும் நம்பவில்லை. சாக்கடை கட்டினவனை நம்பவில்லை. ஆசாரியை நம்பவில்லை. ஒரு கோட்டை நம்பினார், தான் போட்டது என்பதால். அதையும் தானே அறுத்துக் கீழே இறக்கியிருக்கிறார். இனி எவனைத் திட்டுவது?

நாளைக்கு அவ்வளவு வந்தால் மாவு தாங்காது. அலையைத் தடுக்கும், நின்ற தண்ணீரைத் தடுக்காது. ஊறி, வழுக்கி, பாலாகக் கரைந்து போகும்.

மூலையில் சாய்த்து வைத்திருந்த நீளக் கம்பியை எடுத்தார். நெருப்பு வாருகிற கம்பி.

"தகர டின்னைக் கொண்டா மாப்ளே," என்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அவளிடம் அவருக்கு ஒரு பெரிய நன்றி இருந்தது. அதையும் அவர் சொல்லவில்லை.

அடுப்பு வாயைத் திறந்தார். ஏழெட்டு வருஷத்து நெருப்பு சிவப்பாக அவரைப் பார்த்தது. இழுத்தார். தணல் டின்னில் விழுந்தது. நெட்டை டின்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருச் சேற்றில் கொட்டினான். வடிந்துபோகிற கடல் தண்ணீரில் அது சீறிப் புகைந்தது. மறுபடியும் இழுத்தார். கடைசித் தணலையும் வாரி முடித்தபோது அடுப்புக்குள் வெறும் இருட்டு இருந்தது. அந்த இருட்டை அவர் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"இது ஆற எவ்வளவு நேரம் ஆகும் மாமா?" என்றான் நெட்டை.

"நல்லா ஆற ரெண்டு நாள்."

"தண்ணி நாளைக்கு இதே நேரத்துக்கு முன்ன பின்ன வந்துடுமே."

"தெரியும்."

"விசிறி வெச்சா?"

"கரன்ட்டு எங்க இருக்கு. வேகமா ஆறினா கூரை கீறும்." கொஞ்சம் நிறுத்தினார். "கீறட்டும். கீறலைப் பூசலாம்."

புகைபோக்கித் தகட்டை முழுக்கத் திறந்தார். ஜன்னலைத் திறந்தார். அது பல வருஷமாகத் திறக்காத ஜன்னல், குத்தித் தள்ள வேண்டியிருந்தது. பின்கதவைத் திறந்தார். தெருக் காற்று உள்ளே வந்து, சேற்று வாடையோடு அடுப்பு வாயில் நுழைந்து மேலே போனது. நெட்டை ஆஸ்பத்திரி கேன்டீனுக்குச் சமாதானம் சொல்லப் போனான். மேட்டுத் தெருக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடு என்று ரொட்டிக்காரர் தன் வாயாலேயே சொன்னார். டெய்லரம்மா அவள் மெஷினைத் துடைக்கப் போனாள்.

சாயங்காலம் தெரு மொத்தமும் காய்ந்து, உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ரொட்டிக்காரர் ஒரு மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்து, செங்கலில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். கொஞ்சம் கழித்து மறுபடி வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி அது கொதித்தது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு நாளும், சூடு போய்விடுமோ என்று பயந்தே படுத்தவர். இன்றைக்குப் போகாதோ என்று பயம்.

மனைவி டீ கொண்டு வந்தாள். இரண்டு டம்ளரையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் மறு கையால் பின்னால் கதவைத் தள்ளினாள்.

"சாத்தாதே," என்றார்.

அவள் நின்றாள். கதவு தானாகச் சாய்ந்து மூடப் பார்த்தது. அறுத்துப் பொருத்தின கதவு, எப்போதுமே அப்படித்தான். அவர் கையிலிருந்த பச்சை மரத்துண்டை நீட்டினார். அவள் அதை வாங்கிக் கதவுக்கு அடியில் கொடுத்தாள். கதவு அசையாமல் நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்து அவளும் செங்கலில் கை வைத்துப் பார்த்தாள்.

"குறைஞ்சிருக்கா?" என்றார்.

அவள் கையை எடுத்து, மறுகையால் உள்ளங்கையை மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"டீயைக் குடிங்க," என்றாள். "ஆறிடப் போகுது."